ஊருக்குப் போகும் மாதங்களில் காரை எங்கே விடுவது?

பொங்கலுக்குப் போய்ச் சித்திரை பிறந்த பிறகு திரும்புவது, அம்மாவின் மூட்டு அறுவைக்காகத் திருச்சியில் மூன்று மாதம் தங்குவது, கம்பெனி ஓர் ஆண்டுக்குத் துபாய்க்கு அனுப்புவது என்று சிங்கப்பூர்த் தமிழர் வீடுகளில் நீண்ட பயணங்களுக்குப் பஞ்சமில்லை. டிக்கெட், மருந்து, பிள்ளைகளின் பள்ளி விடுப்பு எல்லாம் பார்த்து முடித்த பிறகு, கடைசி வாரத்தில்தான் காரின் நினைப்பு வரும். உடனே இணையத்தில் தேடினால் கிடைப்பது பெரும்பாலும் அமெரிக்காக்காரர் எழுதியது. குளிர்காலம் முழுக்க கராஜில் பூட்டி வைத்து வசந்தத்தில் வெளியே எடுக்கும் ஊர்க்காரர்களின் அறிவுரை. அவர்களுக்கு வீட்டோடு ஒட்டிய கராஜ் இருக்கிறது, அதில் மின்சாரம் இருக்கிறது. வண்டியை எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் வைத்திருக்கலாம்.

இங்கே அப்படி இல்லை. நம்மில் பெரும்பாலோர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில்தான் வண்டியை விடுகிறோம். அதைவிட முக்கியமானது, கார் ஓடினாலும் சும்மா நின்றாலும் சிஓஇ, அதாவது காரை வைத்திருக்க ஏலத்தில் எடுக்கும் பத்தாண்டு உரிமைச் சான்றிதழ், கரைந்துகொண்டே இருக்கிறது. ஆகவே காரை எங்கே நிறுத்துவது என்ற கேள்விக்கு முன்னால், நிறுத்தி வைப்பதே லாபமா என்று பார்க்க வேண்டும்.

2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான ஏ பிரிவு சிஓஇ 106,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) போனது. அந்த விலையில் எடுத்தவருக்குப் பத்து ஆண்டுக்கு வகுத்தால் நாளுக்கு 29 வெள்ளி. நான்கு மாதம் கார் அசையாமல் நின்றால் சிஓஇ-யில் மட்டும் சுமார் 3,500 வெள்ளி போகும். அதே நான்கு மாதத்துக்குக் கூரையுள்ள வீவக நிறுத்துமிடத்தில் முதல் காருக்கான சீசன் பார்க்கிங், மாதம் 110 வெள்ளி வீதம், 440 வெள்ளிதான். 40,000 வெள்ளியை ஒட்டி சிஓஇ எடுத்தவருக்கு நாள் கணக்கு 11 வெள்ளியாக இறங்கும். உங்கள் எண்ணைப் போட்டு நீங்களே கணக்குப் பாருங்கள். நிறுத்தும் இடத்தில் மாதம் முப்பது வெள்ளி மிச்சம் பிடிக்கத் தீவு முழுக்க அலைபவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதே இல்லை.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். “ஓட்டப்போவதில்லையே, சாலை வரி எதற்கு?” என்று சிலர் கேட்பார்கள். செல்லுபடியாகும் சாலை வரி இல்லாத வாகனத்தை ஓட்டுவது மட்டுமல்ல, வைத்திருப்பதே குற்றம். சாலை வரி வேண்டுமென்றால் காப்புறுதி வேண்டும், ஆய்வு முறை வந்திருந்தால் ஆய்வில் தேறியிருக்க வேண்டும். மூன்று முதல் பத்து வயது வரையுள்ள கார்களுக்கு இரண்டு ஆண்டுக்கொரு முறை ஆய்வு, பத்து வயதைத் தாண்டினால் ஆண்டுதோறும். வரியையும் காப்புறுதியையும் ஊரில் திண்ணையில் உட்கார்ந்தபடியே இணையத்தில் புதுப்பித்துவிடலாம். ஆய்வுக்குக் கார் நேரில் போயாக வேண்டும். பயணத் தேதியைக் குறிப்பதற்கு முன் இந்த மூன்று தேதிகளையும் பார்த்துவிடுங்கள்.

வீட்டடியிலேயே விட்டுவிட்டுப் போவது

செலவு குறைந்த வழி இதுதான். ஒரு மாதம் வரைக்கும் எனக்கு இதில் எந்த ஆட்சேபமும் இல்லை. அதற்கு மேல் போனால் இரண்டு சிக்கல்கள் வரும்.

முதலாவது பேட்டரி. பூட்டிக் கிடக்கும் காரிலும் அலாரம், சாவி சிக்னலைப் பிடிக்கும் கருவி, உள்ளே இருக்கும் சின்னச் சின்னக் கணினிகள் எல்லாம் சேர்ந்து 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இழுத்துக்கொண்டே இருக்கும். 50 என்று வைத்தால் நாளுக்கு 1.2 ஆம்பியர் மணி. 45 ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள சாதாரண பேட்டரியில் பாதி, மூன்று வாரத்துக்குள் காலி. டேஷ்கேமை நிறுத்துமிட முறையில் ஓட விட்டிருந்தால் சில நாட்களிலேயே படுத்துவிடும். பேட்டரி முழுக்க இறங்கி வாரக்கணக்கில் அப்படியே கிடந்தால் உள்ளே தகடுகளில் சல்பேட் படிந்து, பிறகு சார்ஜ் ஏற்றினாலும் பழைய வலு வராது. கராஜ் உள்ளவர்கள் பராமரிப்பு சார்ஜரைச் செருகிவிட்டுப் போவார்கள். நம் நிறுத்துமிடத்தில் அதற்கு வழியில்லை. சுவரில் பொது பிளக் கண்ணில் பட்டாலும் அது நகர மன்றத்தின் மின்சாரம், அதில் கை வைக்கக் கூடாது.

ஆக, பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிடுவதுதான் தீர்வு. பெரும்பாலான ஜப்பானியக் கார்களுக்குப் பத்து மில்லிமீட்டர் ஸ்பேனர் போதும், ஐந்து நிமிட வேலை. பேட்டரி பின்பக்க டிக்கியில் இருக்கும் கார்களில் மட்டும் கவனம் தேவை. மின்சாரம் போனால் டிக்கியும் மின்பூட்டால் திறக்காது. சாவிக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவி எந்தத் துளையில் போகிறது என்று முதலில் தெரிந்துகொண்டு, பிறகு கழற்றுங்கள். ரேடியோவின் நினைவு போகும், சில கார்களில் ஜன்னல் கண்ணாடியின் தானியங்கி இயக்கத்தை மறுபடி பழக்க வேண்டும். அலாரமும் வேலை செய்யாது. சிங்கப்பூரில் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன், ஆனால் காப்புறுதி ஒப்பந்தத்தில் அலாரம் பற்றி ஏதும் நிபந்தனை இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

இரண்டாவது சிக்கலைப் பலர் நினைப்பதே இல்லை. வீவக நிறுத்துமிடம் உங்கள் சொந்த இடமல்ல. சீசன் பார்க்கிங் இருந்தாலும் கட்டம் உங்களுக்கென்று ஒதுக்கப்பட்டதல்ல. தரையைக் கழுவுகிறோம், கோடு போடுகிறோம், பழுது பார்க்கிறோம், இந்தத் தேதிக்குள் வண்டியை நகர்த்துங்கள் என்று அறிவிப்பு ஒட்டுவார்கள். நீங்கள் கும்பகோணத்தில் இருப்பீர்கள், கார் பேட்டரி கழற்றிய நிலையில் நிற்கும். சாவியும் ஸ்பேனரும் கையில் உள்ள ஒருவர் இங்கே இருந்தே ஆக வேண்டும்.

இடத்தைத் தேர்வதிலும் சூட்சுமம் உண்டு. கூரையில்லாத மேல்தளம் வேண்டாம். நடுத்தளம் நல்லது, ஆனால் தலைக்கு மேலே பாருங்கள். கான்கிரீட் விரிசல் வழியாக மழைநீர் கசியும் இடங்களில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருக்கும். அந்தச் சொட்டு காரின் பெயின்ட்டில் விழுந்து காய்ந்தால் பாலிஷ் போட்டும் போகாத வட்டங்கள் விழும். திறந்த நிறுத்துமிடம் மட்டுமே என்றால் மழைமரத்தடியையும் அங்சானா அடியையும் தவிர்ப்பது நல்லது. பறவை எச்சம் வெயிலில் காய்ந்தால் பெயின்ட்டை அரித்துவிடும்.

உறை போட்டு மூடலாமா? கூரைக்குக் கீழே என்றால் காற்று புகும் துணி உறை போடலாம், எண் தகடு வெளியே தெரியட்டும். வெட்டவெளியில் பிளாஸ்டிக் உறை போடவே போடாதீர்கள். உள்ளே வியர்த்துப் பெயின்ட் பூக்கும். போதாக்குறைக்கு மடிப்புகளில் மழைநீர் தேங்கி ஏடிஸ் கொசு முட்டையிட்டால், தேசிய சுற்றுப்புற வாரியத்திடமிருந்து கடிதம் வரும்.

ஆளை வைத்து ஓட்டச் சொல்வது

ஒன்று முதல் ஐந்து மாதம் வரையான பயணத்துக்கு என் ஓட்டு இதற்கே. மச்சானோ, தங்கை வீட்டுக்காரரோ, பக்கத்து புளோக் நண்பரோ இரண்டு வாரத்துக்கொரு முறை அரை மணி நேரம் ஓட்டினால் பேட்டரி, டயர், பிரேக், எஞ்சின் எண்ணெய், குளிர்சாதனம் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து. ஈசூனிலிருந்து சிலேத்தார் விரைவுச்சாலை ஏறித் தேக்காவுக்குப் போய்க் காய்கறி வாங்கி வந்தாலே போதும். தாராளமாகச் சொல்லுங்கள், “வாரம் ஒரு தடவை எடுத்துக்கங்க, பெட்ரோல் நான் போட்டுடறேன்” என்று. காருக்கும் நல்லது, அவருக்கும் பயன்.

நல்ல மனதுக்காரர்கள் சிலர் கீழே இறங்கி, எஞ்சினை முடுக்கி, பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே உறும விட்டு அணைத்துவிட்டுப் போவார்கள். ஓட்டாமல் விடுவதைவிட இது மோசம். முடுக்கும்போது போன மின்சாரம் பத்து நிமிடத்தில் பேட்டரிக்கு முழுசாகத் திரும்புவது சந்தேகம். எஞ்சின் முழுச் சூட்டுக்கு வராததால் எரிபொருள் எரிந்து உண்டான நீராவி எண்ணெயிலும் புகைக்குழாயிலும் தங்கிவிடும். டயர் ஓர் அங்குலமும் உருளாது. சிங்கப்பூரில் நிறுத்திய வாகனத்தின் எஞ்சினை ஓட விடுவது சட்டப்படி குற்றமும்கூட. ஆகவே முடுக்கினால் ஓட்ட வேண்டும், ஓட்ட நேரமில்லை என்றால் தொடவே வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

காப்புறுதியைச் சரிபார்க்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள். உங்கள் ஒப்பந்தம் பெயர் குறிப்பிட்ட ஓட்டுநர்களுக்கு மட்டுமா, உங்கள் அனுமதியுடன் ஓட்டும் யாருக்குமா என்று பாருங்கள். புதிதாக உரிமம் எடுத்த தம்பி பையன் என்றால் விபத்து நேர்ந்தால் நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை எக்கச்சக்கமாக ஏறும். மூன்று ஏ வகுப்பு உரிமம் உள்ளவர் கியர் மாற்றும் காரை ஓட்ட முடியாது என்பதையும் மறந்துவிடக் கூடாது. வேக மீறல், சிவப்பு விளக்கு மீறல் எதுவானாலும் கடிதம் உரிமையாளருக்குத்தான் வரும், ஓட்டியது யார் என்று சொல்ல வேண்டியது நீங்கள். அஞ்சல் பெட்டியைத் திறக்கவும் ஓர் ஆள் வேண்டும்.

நண்பரிடம் மாத வாடகைக்குக் கொடுத்துவிடலாமே என்ற யோசனையும் எழும். பணம் கைமாறினால் அது வாடகை. சாதாரணத் தனியார் காப்புறுதி அதற்குப் பொருந்தாது, தனியார் கார் வாடகைக்கு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகள் தனியாக உள்ளன. பெட்ரோல் போட்டு ஓட்டச் சொல்வதோடு நிறுத்திக்கொள்வதே நிம்மதி.

தரைவீட்டுப் போர்ச்சும் கட்டணக் கிடங்கும்

சிராங்கூன் கார்டன்ஸ் பக்கமோ ஃபிராங்கல் பக்கமோ தரைவீட்டில் சொந்தக்காரர் இருந்து, போர்ச்சில் இடமும் இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டக்காரர். பராமரிப்பு சார்ஜரைச் செருகலாம், தினமும் யாராவது ஒருவர் கண்ணில் படும். எலி மட்டும் கொஞ்சம் கவலை. தோட்டமும் வடிகாலும் உள்ள வீடுகளில் எஞ்சினுக்குள் குடியேறி ஒயரைக் கடித்து வைக்கும். முன்மூடியை வாரம் ஒரு முறை திறந்து பார்த்தால் போதும்.

கட்டணக் கிடங்குகள் தொழிற்பேட்டைக் கட்டடங்களுக்குள் இருக்கின்றன. சிலவற்றில் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் அறை, சார்ஜர், மாதம் ஒரு முறை ஓட்டிப் பார்க்கும் சேவை எல்லாம் உண்டு. சிங்கப்பூரில் சராசரி ஈரப்பதம் ஆண்டு முழுக்க எண்பது விழுக்காட்டுக்கு மேல் என்பதால் தோல் இருக்கையும் பழைய மரப்பலகை டேஷ்போர்டும் உள்ள வண்டிக்கு இது உண்மையிலேயே பயன்படும். 35 வயதைத் தாண்டி கிளாசிக் திட்டத்தில் பதிவான கார்களை ஆண்டுக்கு 45 நாள்தான் சாலையில் எடுக்கலாம், அவற்றுக்கு இப்படியோர் இடம் அவசியம். நாம் ஓட்டும் ஹோண்டா வெசலுக்கும் டொயோட்டா கரோலாவுக்கும் மாதம் சில நூறு வெள்ளி கொடுப்பது அரைக்காசுக் கழுதைக்கு முக்காக்காசுப் புல் போடுவதுதான். கிடங்கில் விட்டால், தீ, வெள்ளம், திருட்டுக்கு யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்குங்கள். “உரிமையாளரின் பொறுப்பில்” என்று ரசீதின் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும்.

சின் மிங், காக்கி புக்கிட் பக்கம் தெரிந்த பட்டறையில் விட்டுச் செல்பவர்களும் உண்டு. வேலை கிடக்கும் காருக்கு இது சரி. வேலை ஏதுமில்லாத கார் பட்டறையில் நின்றால் இன்று உள்ளே, நாளை வெளியே என்று இடம் மாறிக்கொண்டே இருக்கும். யார் ஓட்டினார், எங்கே நிறுத்தினார் என்பது உங்களுக்குத் தெரியவராது.

ஜோகூர் பாருவில் சொந்தக்காரர் வீட்டில் சும்மா விடலாமே என்பவர்களுக்கு என் பதில், வேண்டாம். சாலை வரியும் சிஓஇ-யும் அங்கே நின்றாலும் ஓடும். மலேசியாவின் வாகன நுழைவு அனுமதி வேண்டும். உட்லண்ட்ஸில் முக்கால் டாங்க் பெட்ரோலுடன்தான் வெளியேற வேண்டும். கார் தொலைந்தால் இரண்டு நாட்டுக் காவல்துறைக்கும் காப்புறுதி நிறுவனத்துக்கும் நீங்கள் ஊரிலிருந்து பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். மிச்சமாவது பார்க்கிங் காசு மட்டும்.

விற்பதே மேல் என்னும் நிலை

எட்டு மாதத்தைத் தாண்டினால் விற்பதைத் தீவிரமாக யோசிக்க வேண்டும், ஓர் ஆண்டு என்றால் எனக்கு யோசனையே இல்லை. “பதிவை நீக்கி, மிச்ச சிஓஇ பணத்தை வாங்கிக்கொண்டு, காரை எங்காவது மூடி வைத்துவிட்டுத் திரும்பி வந்து மறுபடி பதியலாமா?” என்று கேட்பார்கள். முடியாது. பதிவு நீக்கிய காரை ஒரு மாதத்துக்குள் உடைப்பு நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது ஏற்றுமதி செய்தாக வேண்டும். கார் கையை விட்டுப் போனது போனதுதான்.

ஆகவே விற்பனை, பதிவு நீக்கம் இரண்டில் எது கூடுதலாகத் தருகிறது என்று பார்க்க வேண்டும். பதிவு நீக்கினால் மிச்சமுள்ள சிஓஇ காலத்துக்கான தொகை விகிதப்படி வரும். பத்து வயதுக்குள் இருந்தால் பார்ஃப் தள்ளுபடியும், அதாவது பதிவின்போது கட்டிய கூடுதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு பங்கும், வரும். இந்தத் தள்ளுபடி காரைப் பதிவு செய்த காலத்து விதியைப் பொறுத்தது. இப்போது சாலையில் ஓடும் பல கார்களுக்கு, அந்தக் கூடுதல் பதிவுக் கட்டணத்தில் ஐந்து வயதுக்குள் 75 விழுக்காடு, பிறகு ஆண்டுக்கு ஐந்து விழுக்காடு வீதம் குறைந்து, பத்தாவது ஆண்டில் 50 விழுக்காடு. 2023 பிப்ரவரி இரண்டாம் ஏலத்திலிருந்து சிஓஇ எடுத்துப் பதிவான கார்களுக்கு உச்சவரம்பும் உண்டு. உங்கள் காருக்கு இன்றைய தேதியில் எவ்வளவு என்பதை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டோரிங் தளம் நொடியில் சொல்லிவிடும். நீங்கள் ஊரில் இருக்கும்போது காரின் பிறந்தநாள் கடந்தால் ஒரு படி குறைந்துவிடும் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

கடனில் வாங்கிய கார் என்றால் கதை மாறும். மாதத் தவணை கார் நின்றாலும் போகும். முதல் இரண்டு மூன்று ஆண்டில் விற்றால் வரும் தொகை நிலுவையை அடைக்கவே போதாமல் போகலாம். அப்போது நஷ்டத்தை இன்றே ஏற்பதா, ஆள் வைத்து ஓட்டிக்கொண்டு தவணை கட்டுவதா என்பது உங்கள் கைச் சேமிப்பைப் பொறுத்தது. ஒன்பதாவது வயதில் இருக்கும் காரை வைத்துக்கொண்டு ஓர் ஆண்டு வெளிநாடு போகிறவர் மட்டும் தயங்கவே வேண்டாம். நல்ல மழைநாள் ஒன்றுக்குக்கூட உதவாமல் மிச்ச சிஓஇ கரைந்துபோகும்.

போவதற்கு முந்தைய வாரம்

காரை வைத்துவிட்டுப் போவதென்று முடிவானால் சில வேலைகள் உள்ளன. டாங்க்கை நிரப்புங்கள், காலி இடம் குறைந்தால் உள்ளே ஈரம் சேர்வதும் குறையும். மூன்று மாதத்துக்கு மேல் யாரும் ஓட்டப்போவதில்லை என்றால் பெட்ரோல் கெடாமலிருக்கக் கலக்கும் திரவத்தை ஊற்றி, அது எஞ்சின் வரை போகுமாறு கொஞ்சம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். எண்ணெய் மாற்றும் காலம் நெருங்கியிருந்தால் திரும்பி வந்த பிறகல்ல, போவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். டயர்களில் வழக்கத்தைவிட மூன்று நான்கு பிஎஸ்ஐ கூடுதலாகக் காற்று வைத்தால் ஒரே பக்கம் தட்டையாவது குறையும். சமதளத்தில் கியரைப் பி-யில் விட்டு, சக்கரத்துக்கு முட்டு கொடுத்து, கைபிரேக்கைத் தளர்த்தி வைப்பது நல்லது. மாதக்கணக்கில் இழுத்தே கிடந்தால் பிரேக் ஒட்டிக்கொள்ளும்.

உள்ளே ஒரு முறுக்குத் துண்டுகூட இருக்கக் கூடாது, கரப்பான் குடும்பமே வந்துவிடும். கடைசி ஓட்டத்தின் இறுதிப் பத்து நிமிடம் குளிர்சாதனத்தை அணைத்து விசிறியை மட்டும் ஓட விட்டால் உள்ளிருக்கும் ஈரம் காய்ந்து, திரும்பி வரும்போது பூஞ்சை வாடை குறையும். அலமாரிக்கு வாங்கும் ஈரம் உறிஞ்சும் டப்பாவை வைப்பவர்கள் அதைக் காலடியில் சாயாதபடி வையுங்கள். அதில் சேரும் நீர் வெறும் நீரல்ல, உப்புக் கரைசல். இருக்கையில் கொட்டினால் தோலும் அடியிலுள்ள இரும்பும் நாசம்.

ஹைபிரிட் காரை ஓட்ட ஆள் வைத்தால் அது “ரெடி” நிலைக்கு வந்த பிறகு ஓட்டச் சொல்லுங்கள், உள்விளக்கு எரிவதை மட்டும் பார்த்துவிட்டு இறங்கிவிடுவார்கள். மின்சாரக் காரை நூறு விழுக்காடு ஏற்றி விட்டுப் போகாதீர்கள், ஐம்பதை ஒட்டி இருந்தால் பெரிய பேட்டரிக்கு நல்லது. அதற்கும் 12 வோல்ட் சின்ன பேட்டரி உண்டு, கேமராக் கண்காணிப்பை அணைத்து வையுங்கள். சார்ஜ் ஏற்றும் கட்டத்தில் மட்டும் மாதக்கணக்கில் விட்டுப் போக வேண்டாம், மற்றவர்களின் வசவு துபாய் வரை கேட்கும்.

திரும்பி வந்த அன்று பேட்டரியை இணைத்து, டயர்க் காற்றைப் பார்த்து, வண்டிக்கு அடியில் ஏதாவது ஒழுகியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். முதல் சில பிரேக்குகள் கரகரக்கும், தட்டில் படிந்த துரு தேய்கிறது என்று அர்த்தம். பேட்டைக்குள் மெதுவாக நாலைந்து முறை பிரேக் போட்ட பிறகும் சத்தம் போகவில்லை என்றால், விரைவுச்சாலை ஏறாமல் பக்கத்துப் பட்டறைக்கு விடுங்கள்.